க்ளூ கன் வாங்குறது தப்பில்ல, அதை எங்க நீட்டுறீங்கன்றதுதான் கேள்வி

ரெண்டு வாரமா மக்காச்சோளத்துல படைப்புழு, அதனால இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு வயக்காட்டுச் சேதி இல்ல. மனசுல கிடக்கிற ஒரு கோபத்தைக் கொட்டத்தான் வந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை தம்பி மகன் வந்தான். காலேஜ் படிக்கிறான், கெட்டிக்காரப் பய. "பெரியப்பா, க்ளூ கன் வாங்கணும். 20 வாட்டா, 60 வாட்டா?" என்றான். எதுக்குடான்னு கேட்டேன். தீபாவளிக்கு நண்பர்கள் சேர்ந்து சொந்தமா வாணம் செய்யப் போறாங்களாம். குழாயில திரியை ஒட்ட அதுதான் சரின்னு ஏதோ வெளிநாட்டு வீடியோவுல பார்த்தானாம். "ஹாபி பெரியப்பா" என்றான்.

க்ளூ கன் எங்கிட்டயும் இருக்கு. கோழிக்கூட்டு விளக்குல ஒயரை நிறுத்த, பேத்தியோட பள்ளிக்கூட அட்டை வீடு ஒட்ட, உடைஞ்ச டப்பா மூடியைச் சரிபண்ண, எல்லாத்துக்கும் அதுதான். சின்ன வேலைன்னா 7 மில்லி குச்சி போடுற 20 வாட் போதும். மரம், தகரம்னா 11 மில்லி குச்சி போடுற பெருசு வேணும். தாங்கி உள்ளதா பார்த்து வாங்கணும். மூக்கைக் கீழே பார்க்க வைக்கணும், படுக்கப் போட்டா பசை பின்னாடி ஒழுகும். கையில சூடு பட்டா பசையைப் பிய்க்காம ஓடுற தண்ணியில காட்டணும். பிய்ச்சா தோலும் கூட வரும். இவ்வளவும் சொல்லித் தர எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனா மருந்து இருக்கிற இடத்துல க்ளூ கன்னான்னு கேட்டா, 20 வாட்டும் வேண்டாம், 60 வாட்டும் வேண்டாம்.

அவன் சொன்ன நியாயம் இது: "குறைஞ்ச சூட்டு வகை இருக்கு பெரியப்பா, 120 டிகிரிதான். ஒண்ணும் ஆகாது." அதிக சூட்டு வகை 190 டிகிரி பக்கம் போகும், இது கம்மிதான், வாஸ்தவம். ஆனா 120 டிகிரின்றது வெளியே வர்ற பசையோட சூடு. உள்ளே இருக்கிற கம்பி அதைவிடச் சூடு. மலிவு கன்னுல சூட்டைக் கட்டுப்படுத்துற ஏற்பாடே ஒழுங்கா இருக்காது. பிளக்கைச் செருகும்போது பொறி பறக்குறதை உங்க வீட்டுலயே பார்த்திருப்பீங்க. வெடிமருந்துக்குப் பொறி ஒண்ணு போதும். சில கலவைக்கு அதுகூட வேண்டாம், உரசலே போதும்.

அடுத்து, "சிவகாசியில செய்யலையா?" என்றான். செய்றாங்க. எங்க ஊர்ல இருந்து எத்தனை பேர் அந்த வேலைக்குப் போயிருக்காங்க, கேட்டுப் பாருங்க. இரும்புச் சாமான் கூடாது, பாலியஸ்டர் துணி கூடாது, ஒரு அறையில கூட்டம் கூடாது, அறைக்கு அறை இடைவெளி விடணும். இவ்வளவு இருந்தும் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில முப்பது பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. கேரளாவுல பரவூர் புற்றிங்கல் கோவில்ல 2016 ஏப்ரல் 10-ஆம் தேதி நூறு பேருக்கு மேல. தொழிலாவே செய்றவங்களுக்கே இந்தக் கதின்னா, மொட்டை மாடியில மூணு பயலுக எம்மாத்திரம்?

அந்த வெளிநாட்டு வீடியோக்காரனையும் நான் திட்டல. அங்கே அதுக்குன்னு சங்கம் வச்சிருக்காங்க, அனுபவப்பட்டவங்க கூட நின்னு சொல்லித் தர்றாங்க, மருந்தை எங்கே எப்படி வைக்கணும்னு சட்டம் இருக்கு. இங்கே நம்ம வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒண்ணு. பின்னாடி வைக்கோல்போர், அதுக்குப் பக்கத்துல மாட்டுக்கொட்டகை. வீடியோவுல கையை மட்டும்தான் காட்டுறான், இதை யாரு காட்டுறா?

சட்டமும் சும்மா இல்ல. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. லைசென்ஸ் இல்லாம தயாரிச்சா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஹாபின்னு சொன்னா போலீஸ் விட்டுருமா?

ஆனா என் கோபம் பயலுக மேல மட்டும் இல்ல. "எம்மவன் விஞ்ஞானி"ன்னு டீக்கடையில பெருமை பேசுற அப்பன்மாரு மேலதான் அதிகம். பய ரூம்ல என்ன பண்றான்னு எட்டிப் பார்க்க நேரமில்ல, அவன் விடுற வெடியைப் போன்ல படம் பிடிக்க மட்டும் நேரம் இருக்கா?

நாங்களும் யோக்கியமில்ல. எனக்குப் பன்னெண்டு வயசுல, வெடிக்காத வெடியெல்லாம் பொறுக்கி, பிரிச்சு, மருந்தைக் காகிதத்துல கொட்டிச் சேர்த்தோம். பெரியம்மா மகன் அண்ணன் அதை ஒரு டப்பாவுல போட்டுக் குத்தினாரு. ஒரு குத்துதான். வலது கையில ரெண்டு விரல் போச்சு. இன்னைக்கும் மூணு விரல்லதான் பால் கறக்குறாரு. கன்னுக்குட்டி முட்டும்போது மடி நழுவும், அவரு ஒண்ணும் பேசமாட்டாரு. நான்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியாம திரும்பிக்கிடுவேன். அந்த டப்பாவைக் கொண்டாந்து குடுத்தது நான்.

தம்பி மகனை நேரா அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு அறிவுரை ஒண்ணும் சொல்லல. "டம்ளரைப் பிடி"ன்னு காப்பியை நீட்டினாரு. பய அந்தக் கையைப் பார்த்தான். திரும்பி வரும்போது க்ளூ கன் பேச்சே எடுக்கல.

நாளைக்கு அவனுக்கு ஒண்ணு வாங்கித் தரப் போறேன், 20 வாட், தாங்கியோட. கார்த்திகைக்கு அட்டையில கூண்டு விளக்கு செய்யட்டும். வெடி வேணும்னா கடையில வாங்கி, அரசாங்கம் சொன்ன நேரத்துல வெடிக்கட்டும்.

உங்க வீட்டுப் பயலும் கதவைச் சாத்திக்கிட்டு ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருந்தான்னா, இன்னைக்கே கதவைத் தட்டுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், விரல் அஞ்சும் இருக்கும்ல.