இருமலுக்கா மதிப்பெண் குறைப்பீர்கள்?



தோனிசெத்தியின் ‘லூச்சியா டி லம்மர்மூர்’ ஓபரா, 1955 செப்டம்பர் 29, பெர்லின் மேடை. மரியா காலஸ் பாட, கராயன் நடத்தியது. அந்த நேரடி ஒலிப்பதிவை உங்களில் சிலருக்கு அனுப்பினேன். வந்த பதில்: “சார், ஒரே இரைச்சல், இருமல், கைதட்டல். 1953இல் அவரே பாடிய ஸ்டுடியோ பதிவு சுத்தமாக இருக்கிறதே!”

இது மதிப்பீடு அல்ல, தப்பு எண்ணுவது. நானும் வருடக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவன்தான். அடித்தல் திருத்தல் உள்ள தாளையெல்லாம் ஃபெயிலாக்கியிருந்தால் உங்களில் பாதிப் பேர் தேறியிருக்க மாட்டீர்கள்.

ஸ்டுடியோ, வீட்டில் எழுதும் நோட்டு. பிடிக்காத பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம். மேடை, தேர்வுக்கூடம். மணமகனைக் கொன்றுவிட்டுப் புத்தி பேதலித்து வரும் லூச்சியாவின் அந்த நீண்ட காட்சியை, காலஸ் ஒரே தடவையில் பாடியாக வேண்டும். ‘பெல் காந்தோ’ என்றால் அழகாகப் பாடுதல். அந்த அழகு பிசிறில்லாமை மட்டுமா?

அன்று ஆறு பேர் சேர்ந்து பாடும் பகுதி முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை; கராயன் அதை மறுபடி பாடவைத்தார். அந்தக் கைதட்டலை இரைச்சல் என்று ஒதுக்கினால், நடந்ததற்குச் சாட்சி ஏது?

குறையே இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கால வழக்கப்படி மூன்றாம் அங்கத்தின் தொடக்கக் காட்சியை வெட்டிவிட்டார்கள். அதற்குக் குறையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இருமலுக்கு வேண்டாம்.

முழுசாகக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.