ஒரு மாதம் என்றால் கேள்வி இல்லை

வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கான விசா விதிகளைப் பற்றிப் போன வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். "வெளிநாட்டுக்காரனைச் சோதிக்காமல் உள்ளே விடலாமா?" என்று கேட்டிருந்தார். விடக்கூடாதுதான். ஆனால் யாரைச் சோதிக்கிறோம்?

இன்றைய விதி இதுதான். சுற்றுலா இ-விசாவில் வருகிறவர், சம்பளம் வாங்காமல் ஒரு மாதம் வரை தொண்டு செய்யலாம். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று விசாவில் வராது. அதுவே ஒரு வருடம் தங்கித் தொண்டு செய்ய வேண்டுமென்றால் வேலைவாய்ப்பு விசா வேண்டும். நிறுவனத்தின் பெயரும் இடமும் அதில் குறிக்கப்படும். வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த நிறுவனத்தோடு ஒத்துவராவிட்டால், பக்கத்து ஊர் நிறுவனத்துக்கு மாறுவதுகூட லேசில்லை.

எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

ஓய்வுக்குப் பிறகு திண்டுக்கல் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தார். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். மூன்று வாரம் பாட்டு, விளையாட்டு, ஏகப்பட்ட போட்டோ. அப்புறம் போய்விட்டார். நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தினமும் வாசலில் நின்று, "அக்கா எப்ப சார் வருவாங்க?" என்பான். அடுத்து வேறொருவர் வந்தபோது அவன் கிட்டேயே போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இடைநிலை ஆசிரியராக இருந்தவன் நான். ஒரு பிள்ளை பெரியவர்களை நம்புவதை நிறுத்திவிட்டால், மறுபடி நம்பவைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

இதே மண்ணில் வேறு மாதிரி ஒருவரும் இருந்தார். அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு மிஷனரியாக வந்த ரால்ஃப் கெய்த்தான். காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்தார் என்பதற்காக, 1930இல் அவரை நாட்டைவிட்டுப் போக வைத்தார்கள். திரும்பி வந்தார். 1944இல் மறுபடி அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் வந்து, சின்னாளபட்டி பக்கத்துக் காந்திகிராமத்தில் கதர் கட்டிக்கொண்டு உழைத்தார். அவர் ஒரு மாதத்துக்கு வந்தவர் இல்லை.

வெள்ளைக்காரன் அவரைத் துரத்தியது அவனுடைய ஆட்சிக்குப் பயந்து. நாம் எதற்குப் பயந்து, தங்க வருகிறவரிடம் இத்தனை காகிதம் கேட்டுவிட்டு, போட்டோ எடுக்க வருகிறவரைச் சும்மா விடுகிறோம்?

1920, 1939, 1946 ஆண்டுகளின் பழைய சட்டங்களையெல்லாம் தூக்கிவிட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. விதிகளைத் திருத்த இதைவிட நல்ல நேரம் இல்லை. சுற்றுலா விசாவில் வருகிறவர் மரம் நடட்டும், குளம் தூர்வாரட்டும், குழந்தைகள் இல்லத்துக்குள் மட்டும் வேண்டாம். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர் குறைந்தது ஆறு மாதம் தங்கட்டும், அவர் ஊர்ப் போலீஸ் சான்றோடு வரட்டும். அப்படி வருகிறவர் மாவட்டத்துக்குள் நிறுவனம் மாற, கலெக்டர் கையெழுத்து போதும் என்று வையுங்கள்.

இல்லம் நடத்துகிற நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். நன்கொடை போய்விடும் என்பார்கள். அந்தப் பையனிடம் போய் அதைச் சொல்லுங்கள்.