சான்றிதழ் மட்டும் போதுமா?

ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழைப் பெற்று அலுவலகச் சுவரில் மாட்டுவது முதலாளிமார்களுக்குப் பெருமை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், அதன் பொருளைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1996இல் தோன்றி, 2015இல் திருத்தப்பெற்ற அம்முறை, கழிவுக்கு இவ்வளவு என்று அளவு விதிப்பதில்லை. நிர்வாகமே குறிக்கோள் வகுத்து, செயற்படுத்தி, சோதித்து, திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. அளவு விதிப்பது நாட்டின் சட்டம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1978இல் வந்த ரப்பர் ஆலை விதிகளும் கழிவுநீரைக் கட்டுப்படுத்துகின்றன. சான்றிதழ் சட்டத்திற்கு ஈடாகாது.

பால் உறைய ஊற்றும் பார்மிக் அமிலம் கழிவுநீரோடு ஓடையில் கலந்தால், முதலில் அறிபவர் ஆலைத் தொழிலாளியும் ஓடைக்கரையில் குடியிருப்பவருமே. பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாளில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்!

வேலை செய்வோர் நிர்வாகத்தின் சுற்றுச்சூழல் கொள்கையை அறிந்திருக்க வேண்டும் என்பது அம்முறையின் விதி. அப்படியானால் அதைத் தமிழிலும், மலாயிலும், வங்காளத் தோழர்களின் மொழியிலும் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்டுக! தணிக்கையாளர் வரும் நாளில் சங்கப் பிரதிநிதியும் உடன்செல்ல, ஆலை வாய்க்காலையும் மருந்து ஸ்டோரையும் காட்டுக!

கடமையைச் செய்யும் நிர்வாகத்திற்கு நமது ஒத்துழைப்பு என்றும் உண்டு. காகிதத்தில் மட்டும் சுத்தம் காட்டினால், கேள்வி கேட்பது நமது உரிமை.