மலைக்கு வரட்டும் கொள்முதல்

சேர்வராயன் மலையில் செம்மநத்தம் போன்ற ஊர்களுக்கு சிறுதானிய விதையும் மானியமும் கொடுத்துவிட்டால் போதும் என்று அரசு எண்ணக் கூடாது. விளைந்ததை உமி நீக்கவும் விற்கவும் வழி வேண்டும். கொல்லிமலையில் சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்தது. சாகுபடி சுருங்க அதுவும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைச் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டு, விற்பனைக்கும் வழி செய்தது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தர முடிந்ததும், கொள்முதலுக்கு நுகர்பொருள் வாணிபக் கழகமும் விநியோகத்துக்குக் கூட்டுறவுக் கடைகளும் இருந்ததால்தான். அதேபோல் சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்திடம் சிறுதானியக் கொள்முதலை ஒப்படைக்க வேண்டும். அதன் நிர்வாகத்தில் பழங்குடிப் பெண்களுக்கு இடம் வேண்டும். அதுவும் அடுத்த அறுவடைக்குள்.