பைத்தான் என்றால் எந்தப் பைத்தான்?

ஒரே வகுப்பில் இரண்டு மேரிகள் இருந்தால் ஆசிரியை என்ன செய்வார்? முதலெழுத்தையும் சேர்த்து அழைப்பார். வெறுமனே "மேரி" என்றால் இருவரும் எழுந்து நிற்பர் அல்லவா? கணிப்பொறி உலகிலும் இத்தகைய குழப்பம் ஒன்று பத்தாண்டுகளுக்கு மேல் நிலவியது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நிரல்மொழி பயிலும் நாங்கள் அதுபற்றி எங்கள் கருத்தைக் கூற விழைகிறோம்.

பைத்தான் 2 எங்கும் வழக்கில் இருந்தபோதே, 2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளிவந்தது. இரண்டும் முற்றிலும் ஒத்துப்போவன அல்ல. லினக்ஸ் இயங்குதளத்தில் "பைத்தான்" என்று மட்டும் கட்டளையிட்டால் எது ஓடவேண்டும்? ஆர்ச் லினக்ஸ் 2010 அக்டோபரிலேயே அப்பெயரைப் புதியதற்குக் கொடுத்துவிட்டது. வேறு பல இயங்குதளங்கள் பழையதற்கே வைத்திருந்தன. பழையதற்கான ஆதரவு 2015-இல் முடிவதாக இருந்து, பின் 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது.

மாற்றம் தேவையே. "அம்மா" என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 பொதுவாக 15 என்னும்; அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3, புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணி 5 என்னும். நம் இலக்கணப்படி மூன்றே எழுத்து. எனினும் புதியது நம் மொழிக்குச் சற்று நெருங்கி வந்துள்ளது.

ஆனால் 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பழையது 3 என்னும், புதியது 3.5 என்னும். பெயர் மட்டும் ஓசையின்றிக் கைமாறினால் அதே நிரல் வேறு விடை தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. அரை மதிப்பெண்ணின் அருமை மாணவியராகிய நமக்குத் தெரியாததா?

ஆகவே 2020 ஏப்ரலில் உபுண்டு 20.04-உம், 2021-இல் டெபியன் 11-உம் செய்ததே முறை என்போம். புதிதாக நிறுவும்போது வெறும் "பைத்தான்" என்னும் பெயரை அவை எதற்கும் சூட்டவில்லை. எண்ணோடு அழைத்தால் உரியது வரும். எண்ணின்றி அழைத்தால் "அப்படி ஒன்றும் இல்லை" என்று கணிப்பொறி சொல்லிவிடும். விரும்புவோர் தாமே ஒன்றைத் தேர்ந்து அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம்.

இது புதிதாகப் பயில்வோரைத் திகைக்க வைக்கும் என்பர் சிலர். உண்மைதான். ஆனால் ஒரு நிமிடத் திகைப்பு, ஓராண்டுக் காலம் ஒருவரும் அறியாமல் வந்துகொண்டிருக்கும் தவறான விடையினும் மேலன்றோ?

தோழியரே, நம் நிரலின் முதல் வரியிலேயே எந்தப் பைத்தான் என்பதை எழுதி வைப்போம். இயங்குதளம் நம்பியிருக்கும் பைத்தானை விளையாட்டாக மாற்றாதிருப்போம். மாற்றினால் அதன் கருவிகள் சில இயங்க மறுக்கும். புதிய பதிப்பு வேண்டுமெனில் அதற்குத் தனிச் சூழல் அமைத்துக்கொள்வோம். புதுமையை வரவேற்போம்; அது வரும்போது தன் பெயரை முழுமையாகச் சொல்லிக்கொண்டு வரட்டும்!