கடல் கடக்கும் கனி

மரத்தினின்று பறித்த மாத்திரத்தில் கனியின் ஆயுள் முடிந்துவிடுகிறதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. பறித்த பின்னும் கனி சுவாசிக்கின்றது, தன்னுள் சேர்த்துவைத்த மாவையும் சர்க்கரையையும் செலவிடுகின்றது, நீரை இழக்கின்றது. மாவும் வாழையும் போன்றவை எதிலீன் என்னும் வாயுவைத் தாமே உண்டாக்கி அதனாலேயே பழுக்கின்றன. உஷ்ணம் மிகுந்தால் இச்செலவும் மிகும். ஆதலின், தோட்டத்திற்கும் தூரதேசத்து அங்காடிக்கும் இடையில் நாம் செய்வதெல்லாம் அக்கனியின் எஞ்சிய ஆயுளைச் சிக்கனமாகச் செலவிடும் முயற்சியேயாகும்.

மாம்பழ விளைவில் இந்தியா உலகில் முதலிடம் பெற்றது. ஆயினும் விளைவதில் மிகச் சிறு பகுதியே அயல்நாடு செல்கின்றது. உள்நாட்டில் உண்பார் மிகுதி என்பது ஒரு காரணம். குளிரூட்டிய வண்டிகளும் அறைகளும் போதாமையே முக்கிய காரணமென்பர் ஒரு சாரார். அவை வேண்டுவனவே, மறுப்பாரில்லை. எனினும், கனியின் தரம் பெரும்பாலும் குளிர் அறையின் வாயிலை அடையுமுன்னரே நிச்சயிக்கப்பட்டு விடுகின்றது என்பது எமது கருத்து. குளிர் குற்றத்தைத் தீர்ப்பதன்று. அது வெளிப்படுவதைத் தாமதிக்கச் செய்வது மாத்திரமே.

இதனைச் சிறிது விளக்குவோம். மாங்காயின் காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீறிட்டுத் தோலிற் படும். பட்ட இடம் வெந்து கறுக்கும். ஆகையால் சிறிது காம்பு நிற்கும்படி நறுக்கி, நிழலிற் கொணர்ந்து, பின்னர்க் காம்பைக் குறைத்து, தலைகீழாக வைத்துப் பாலை வடியவிடுதல் வேண்டும். கிளையை உலுக்கி வீழ்த்திய காய் அன்று பழுதற்றதாகத் தோன்றலாம். சில நாட்சென்று அடிபட்ட இடம் அழுகி, பெட்டியிலுள்ள நற்கனிகளையும் கெடுக்கும். அளவு கடந்த குளிரும் ஆகாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழ் நெடுநாள் வைத்த மாங்காய் நிறங்குன்றிப் பழுக்கும் ஆற்றலை இழக்கும். வாழைக்கும் ஏறக்குறைய இதுவே எல்லை.

2014-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்திற்குத் தடை விதித்தது. இந்தியாவினின்று வந்த சரக்குகளிற் பழ ஈ காணப்பட்டதே காரணம். 2015-இன் தொடக்கத்தில் அத்தடை நீங்கிற்று. எனினும், சிலருடைய அசட்டையின் பொருட்டு ஒரு பருவத்து ஐரோப்பிய வியாபாரத்தின் பெரும்பகுதியை, கவனமாயிருந்த விவசாயிகளும் இழக்க நேர்ந்ததன்றோ! ஐரோப்பாவுக்கு 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்துவதும், ஜப்பானுக்கு நீராவி வெப்பமும், 2007 முதல் அமெரிக்காவுக்குக் கதிர்வீச்சும் புழுவைப் போக்கும் வழிகளாம். ஆயினும், உதிர்ந்த பழங்களை அன்றன்று பொறுக்கிப் புதைத்துத் தோட்டத்தைத் துப்புரவாக வைப்பதற்கு இவையொன்றும் ஈடாகா.

இங்ஙனம் முதற் கவனம் தோட்டத்திலேயே வேண்டுவதாயின், அக்கவனத்தைச் செலுத்துவோர் யார்? மரமேறிப் பறிக்கும் கூலியாளே. விரைந்து பறித்த கூடைகளை எண்ணிக் கூலி கொடுத்தால் அவர் கிளையை உலுக்கவே செய்வார். அதில் அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. பழுதற்ற காய்க்கு மிகுதியான கூலி கொடுப்பதே முறை. இதனாற் செலவு கூடுமென்பர். கப்பற் கட்டணம் முழுவதும் கொடுத்தபின் துறைமுகத்தில் அழுகலென்று கொட்டப்படும் பெட்டியின் நஷ்டத்தோடு அச்செலவை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

மற்றொன்றும் சொல்லுதற்குரியது. அயலானுக்கு அனுப்பும் கனியைக் கண்ணேபோற் காக்கும் நாம், நம் அங்காடிக்கு வருவதை என் செய்கின்றோம்? வைக்கோலில் எறிந்து, கல் வைத்துப் பழுக்கச் செய்கின்றோம். கால்சியம் கார்பைடாகிய அக்கல்லை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் விலக்கியுள்ளன. அளவறிந்த எதிலீன் வாயுவுக்கு இடமுண்டு. அங்ஙனமிருந்தும் வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. சோதனைக்கு அஞ்சி அயல்நாட்டானுக்குச் செய்யும் நேர்மையை, நம் அயல்வீட்டுக் குழந்தைக்குச் செய்யாதிருப்பது அழகாகுமா? உள்ளூரில் அன்றாடம் பழகாத கவனம் ஏற்றுமதி நாளில் மாத்திரம் கைக்கு வந்துவிடாது.

தாவர நூலும் பொருளாதார நூலும் பயிலும் நம் மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்த் தோப்புகளுக்குச் சென்று, பறிப்பு நடைபெறும் விதத்தை ஒருநாள் நின்று காண்பாராக. அங்கே கற்பதைத் தோப்புக்காரருக்கும் பறிப்பவருக்கும் பணிவோடு எடுத்துரைப்பாராயின், கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போகும் நிலை சிறிதளவேனும் குறையும்.