ஆயில் போல்ட்டை முடுக்க பலம் தேவையில்லை

மாருதி ஆம்னி 1984-ல் சாலைக்கு வந்தது. 2019-ல் அதன் உற்பத்தி நின்றது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது முதல் தெருத்தெருவாகக் காய்கறி விற்பது வரை, இன்றும் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அந்த வேனில்தான் ஓடுகிறது. இப்படிப்பட்ட பழைய வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது வேலை நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. இன்ஜினுக்கு அடியில், ஆயில் சேம்பரில் இருக்கும் டிரெயின் போல்ட் கழல மறுக்கும். ஸ்பேனர் வழுக்கி, போல்ட் தலையின் மூலைகள் மழுங்கிவிடும். சில சமயம் சேம்பரின் மரையும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். ‘பழைய வண்டி, துரு ஏறிவிட்டது’ என்று பழியை வண்டியின் வயதின் மேல் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு. போன முறை அளவுக்கு மீறி முடுக்கிய கைதான் காரணம்.

போல்ட்டின் உள்முனை ஆண்டு முழுவதும் எண்ணெயில் நனைந்தே இருக்கிறது. துரு பிடிப்பது வெளியே தெரியும் தலையில்தான். அலுமினிய சேம்பரில் இரும்பு போல்ட் போட்டிருந்து, கடலோர உப்புக்காற்றும் சேர்ந்தால் அரிப்பு ஏற்படலாம், அது தனிக்கதை. மற்றபடி கணக்கைப் பாருங்கள். சிறிய இன்ஜின்களின் டிரெயின் போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முடுக்கு அளவு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 14 கிலோ எடை கொடுக்கும் அழுத்தம் அதற்குப் போதும். அதே ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பை மாட்டி, 40 கிலோ எடையைச் சாய்த்து அழுத்தினால் 400 நியூட்டன் மீட்டர் வருகிறது. பத்து மடங்கு! 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் அந்த போல்ட் இருபது முறை கழற்றி மாட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால், எந்த மரையும் தாங்காது.

‘லூசாக விட்டால் போல்ட் விழுந்து, ஆயில் கொட்டி, இன்ஜின் சீஸ் ஆகிவிடுமே’ என்று மெக்கானிக்குகள் கேட்பார்கள். நியாயமான பயம், கெட்ட பெயரும் செலவும் அவர்கள் தலையில்தான் விழும். ஆனால் போல்ட் விழுவது அளவோடு முடுக்கியதால் அல்ல, முடுக்க மறந்ததால். ஆயில் கசிவதற்குப் பெரும்பாலும் வாஷர்தான் காரணம். செம்பு, அலுமினிய வாஷர்கள் நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கின்றன. ஒருமுறை நசுங்கியதையே மீண்டும் போட்டால் கசியக்கூடும். கசிவை நிறுத்த இன்னும் முடுக்குவார்கள். அடுத்த முறை போல்ட் கழலாது. சில ரூபாய் வாஷரை மிச்சப்படுத்தி சேம்பரையே மாற்றும் செலவை வாங்கிக்கொள்கிறோம். ‘இத்தனை வருட அனுபவக் கைக்குத் தெரியாதா’ என்ற கேள்வியும் வரும். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே கரைந்துவிடுகிறது. மரை உலர்ந்திருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா என்பதைப் பொறுத்து, கைக்கு ஒரே மாதிரி தெரியும் முடுக்கு உள்ளே வேறு வேறு இறுக்கமாக மாறும். முடுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சும் உராய்வை ஒழித்துவிடாதுதான். ஆனாலும் பத்து மடங்கு தவறு நடக்காமல் அது தடுக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கருவி சிறிய பட்டறைக்கும் எட்டாததல்ல.

ஏற்கெனவே இறுகிப்போன போல்ட்டுக்கு முதலில் தேவை நிதானம். வண்டிக்கு அடியில் படுத்து மேலே பார்க்கும்போது திசை குழம்புவது சகஜம்; கழற்றுவதாக நினைத்து மேலும் முடுக்கிவிடுபவர்கள் உண்டு. போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தபடி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். மூலைகளை மட்டும் கவ்வும் பன்னிரண்டு பல் ஸ்பேனரை விட்டுவிட்டு, ஆறு பக்கத்தையும் பிடிக்கும் சாக்கெட்டைப் போடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அதிகம் நம்ப வேண்டாம். வாஷரைத் தாண்டி அது மரைக்குப் போகாது. சாக்கெட்டை மாட்டி, கைப்பிடியில் சுத்தியலால் சுருக்கென்று தட்டுவது, மெதுவாக இழுப்பதைவிடப் பலன் தரும். எண்ணெய் நிறைந்த சேம்பரின் அடியில் நெருப்பைக் காட்டவே கூடாது. அப்படியும் அசையாவிட்டால், டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி பம்ப்பால் ஆயிலை எடுத்துவிடலாம். அடியில் கொஞ்சம் கசடு தங்கும் என்பது உண்மை. ஆனால் மரையைப் பிடுங்குவதைவிட அது சிறிய இழப்பு. போல்ட்டை அவசரமில்லாத ஒரு நாளில் லேத் பட்டறையில் கொடுத்து எடுக்கலாம்.

வண்டிக்காரர்களும் கேட்கத் தொடங்க வேண்டும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது புது வாஷர் போடச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள முடுக்கு அளவை மெக்கானிக்கிடம் காட்டி, டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டால், தயங்காமல் கொடுங்கள்.